வலக்கையில் இருந்தது வாட்சா, திசைகாட்டியா?

வரலாற்றுப்பித்தன்:
"அரிய பழைய படங்கள்" என்று ஒருவர் போட்ட தொகுப்பைப் பார்த்தேன், எரிச்சலாக வந்தது. பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக் கூரையில் சோவியத் வீரர்கள் கொடி பிடிக்கும் படம். அடியில் "தற்செயலாகக் கேமராவில் சிக்கிய தருணம்" என்று எழுதியிருக்கிறார். தற்செயலாம்! சோவியத் புகைப்படக்காரர் யெவ்கெனி கல்தேய் மேசைவிரிப்புத் துணியில் கொடி தைக்கவைத்து, மாஸ்கோவிலிருந்து சுமந்துபோய், 1945 மே 2 அன்று ஆட்களை நிறுத்தி எடுத்த படம் அது. போதாததற்கு, ஒரு வீரருக்கு இரண்டு கையிலும் வாட்ச். கொள்ளையடித்தது தெரிந்துவிடும் என்று ஒன்றைச் சுரண்டிவிட்டுத்தான் அச்சில் ஏற்றினார்கள்.

செஞ்சட்டை:
வாட்ச் இல்லை ஐயா, திசைகாட்டி. அட்ரியானோவ் மாடல். செம்படையில் மணிக்கட்டில்தான் கட்டுவார்கள்.

இருட்டறை:
திசைகாட்டி என்றால் ஏன் சுரண்டணும்?

செஞ்சட்டை:
பார்க்கிறவர்கள் உங்களைப் போலவே வாட்ச் என்று நினைத்துவிடக் கூடாதே என்றுதான்.

இருட்டறை:
அருமையான விளக்கம். தம்பி, நான் பதினெட்டு வருஷம் சிவப்பு விளக்கில் நின்று பிரின்ட் போட்டவன். நெகட்டிவ்வை ஊசியால் சுரண்டினால் எமல்ஷன், அதாவது படம் பதிந்த பூச்சு, போய்விடும், பிரின்ட்டில் அந்த இடம் கறுப்பாக விழும். சட்டைக் கையோடு கலந்துவிடும், யாருக்கும் தெரியாது. கைநடுக்கம் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை. வெறும் திசைகாட்டிக்காக இந்தப் பாடு படுவார்களா? புகையையும்தான் பின்னால் சேர்த்தார்கள். அது என்ன, திசைகாட்டியிலிருந்து கிளம்பிய புகையா?

வரலாற்றுப்பித்தன்:
நான் சொல்ல வந்தது, நிறுத்தி எடுத்த படத்தை "அரிய தருணம்" என்று சொல்லலாமா என்பது...

நிழல்வேட்டை:
சொல்லலாம். முதல் கொடி ஏப்ரல் 30 இரவிலேயே ஏறிவிட்டது. இருட்டில் யார் படம் எடுப்பது? நடந்ததைத் திரும்ப நடித்துக் காட்டினார்கள், அவ்வளவுதான். 1932-இல் ராக்ஃபெல்லர் சென்டர் கட்டும்போது இரும்பு உத்திரத்தில் பதினொரு பேர் உட்கார்ந்து சாப்பிடும் படமும் விளம்பரத்துக்கு எடுத்ததே. அதற்காக அந்த உயரம் பொய்யா?

இருட்டறை:
உத்திரம் எதற்கு இங்கே? கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஏன் சுரண்டணும்?

செஞ்சட்டை:
இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி நடும் படத்தைப் பற்றிய திரியிலும் இப்படித்தான். ரோசென்தால் எடுத்தது இரண்டாவது கொடி, ஆனால் நிறுத்தி எடுத்ததில்லை என்று நான் மூன்று முறை எழுதினேன். நீங்கள் கடைசிவரை "செட்டப்" என்றே சாதித்தீர்கள். அமெரிக்கக் கொடிக்கும் நம்பிக்கை இல்லை, சோவியத் கொடிக்கும் இல்லை. உங்கள் இருட்டறையில் வெளிச்சமே வராது போல.

இருட்டறை:
பழைய பாக்கியை இங்கே வசூலிக்க வேண்டாம். அந்தத் திரியில் "கல்டேய்" என்று எழுதியவர்தானே நீங்கள்? பெயரே சரியாக வராதவருக்கு மணிக்கட்டு மட்டும் துல்லியமாகத் தெரிகிறதாக்கும்.

நிழல்வேட்டை:
ரஷ்யப் பெயரை எப்படி எழுதினால் என்ன சார்? சோவியத் அரசே பல வருஷம் கொடி ஏற்றியவர்கள் யெகோரோவ், கந்தாரியா என்றது. படத்தில் நிற்பவர்களோ கொவாலியோவ், இஸ்மாயிலோவ், கோரிச்செவ். ஆளையே மாற்றிச் சொன்னவர்கள். நீங்கள் எழுத்துக்குச் சண்டை போடுகிறீர்கள்.

செஞ்சட்டை:
அரசை இழுக்காதீர்கள். திசைகாட்டி.

இருட்டறை:
வாட்ச்.

வரலாற்றுப்பித்தன்:
திரியை ஆரம்பித்தவன் நான். ஒரு வரி பேச விடுங்கள். 'ஒகோன்யோக்' பத்திரிகையில் மே 13 அன்று வந்தபோதே...

இருட்டறை:
வந்தபோதே சுரண்டித்தான் வந்தது. அதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்? சுரண்டாத பிரின்ட்டும் இணையத்தில் கிடக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள், கொடி பிடித்தவரைக் கீழே நின்று தாங்குகிறாரே, அவர் கை. இரண்டு மணிக்கட்டிலும் பட்டை.

செஞ்சட்டை:
பார்த்தேன். பட்டை தெரிகிறது. முள் தெரிகிறதா? வட திசை காட்டும் முள்ளா, மணி காட்டும் முள்ளா, சொல்லுங்கள் பார்ப்போம்.

இருட்டறை:
அதுதான் சுரண்டிவிட்டார்களே!

செஞ்சட்டை:
சுரண்டாத பிரின்ட்டைப் பார்க்கச் சொன்னது யார்?

இருட்டறை:
பெரிதாக்கி, வட்டம் போட்டு, ராத்திரி பதிவேற்றுகிறேன். அதுவரை யாரும் திரியைப் பூட்ட வேண்டாம்.