படேவியா கப்பல் யாருக்கு: ஃப்ரீமாண்டிலுக்கா, கெரால்டனுக்கா?

உப்புக்காற்று:
ஃப்ரீமாண்டில் போயிருந்தேன். மேற்கு ஆஸ்திரேலிய அரசு அருங்காட்சியகத்தின் கப்பற்சேத அரங்கில், 1629இல் ஆப்ரோலோஸ் தீவுகளில் பாறையில் மோதிய டச்சுக் கப்பல் படேவியாவின் பின்பகுதி நிற்கிறது. கறுத்த ஓக் பலகைகள், ஆளுயரத்தைத் தாண்டி. அருகிலேயே ஒரு கல் வாசல். ஆசையாகப் படம் எடுத்த பிறகுதான் அறிவிப்புப் பலகையைப் படித்தேன், நகலாம்! கப்பலில் வந்த அசல் கற்கள், மொத்தம் 137, கெரால்டனில் இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் நடுவே 400 கிலோமீட்டருக்கு மேல். கப்பல் உடைந்த தீவுகளோ கெரால்டனுக்கு எதிரே. எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிடலாமே?

நங்கூரம்:
கல்லும் மரமும் ஒன்றா சார்? 300 வருடத்துக்கு மேல் உப்புத் தண்ணீரில் ஊறிய மரம் அது. தண்ணீர் இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு மாதிரிப் பொருளை ஏற்றித்தான் சுருங்காமல் காப்பாற்றினார்கள். உள்ளே கந்தகமும் இரும்புத் துருவும் வேறு. காற்றில் ஈரம் கூடினால் அமிலம் சுரக்கும். இதைப் பிரித்து லாரியில் ஏற்றுவதா?

கரையோரன்:
1970களில் கடலடியிலிருந்து துண்டு துண்டாகக் கழற்றித்தானே கொண்டுவந்தார்கள்? அன்றைக்குப் படகில் ஏறியது இன்றைக்கு லாரியில் ஏறாதா?

நங்கூரம்:
ஒருமுறை பட்டது போதாதா அண்ணே? இன்னொன்று, ஃப்ரீமாண்டிலில் படேவியா தனியாக இல்லை. 1656இல் வெர்குல்டே டிராக், 1712இல் ஸூட்டோர்ப், 1727இல் ஸீவைக், எல்லாமே இந்தக் கரையில் உடைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள். நன்னம்பிக்கை முனையிலிருந்து மேற்குக் காற்றைப் பிடித்து நேரே கிழக்கே வருவார்கள், பிறகு ஜாவாவுக்கு வடக்கே திரும்ப வேண்டும். எவ்வளவு தூரம் கிழக்கே வந்தோம் என்று அளக்க அன்று வழியில்லை. திரும்பத் தாமதித்தால் இந்தக் கரைதான். நான்கையும் ஒரே இடத்தில் பார்த்தால்தான் அது விளங்கும்.

கரையோரன்:
பாரிஸும் இப்படித்தான் சொல்லியிருக்கும். டச்சு மாலுமி விளாமிங் 1697இல் இந்தக் கரையில் நட்ட உலோகத் தட்டைப் பிரெஞ்சு மாலுமி ஃப்ரேசினே 1818இல் பாரிஸுக்கு எடுத்துப்போனார். 1947இல் பிரான்ஸ் திருப்பிக் கொடுத்தது. அதை வாங்கி வைத்திருக்கும் அருங்காட்சியகம் கெரால்டனுக்கு மட்டும் கையை விரிக்கலாமா?

உப்புக்காற்று:
சரி, மரம் இருக்கட்டும். வெள்ளி நாணயங்கள், ஜாடிகள்? அவற்றுக்கு அமிலப் பயம் இல்லையே.

நங்கூரம்:
கொஞ்சம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. மீதியும் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பலகையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கரையோரன்:
அப்போ நகல் வாசலையும் ஃப்ரீமாண்டிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுக்க ஆகும்.