நெட் நிக்காம வேற பிராட்பேண்டுக்கு மாறுவது எப்படி? (சேலம், அழகாபுரம்)

அழகாபுரம் வாசி:
வணக்கம். இப்ப இருக்கிற ஃபைபர் லைன் ராத்திரி ஆனா ரொம்ப இழுக்குது, வேற கம்பெனிக்கு மாறணும். வீட்டுல இருந்தே வேலைங்கிறதால நடுவுல நெட் நிக்கவே கூடாது. நாலு கேமராவோட ஒரு டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) இருக்கு, சென்னையில இருக்கிற அண்ணன் போர்ட் ஃபார்வர்டிங்ல (வெளியில இருந்து ரூட்டர் வழியா டிவிஆருக்கு வழி விடுறது) பார்ப்பார். லேண்ட்லைன் நம்பரும் இதே லைன்லதான். மொபைல் மாதிரி நம்பர் மாறாம கம்பெனியை மட்டும் மாத்தி போர்ட் பண்ணலாமா? பழைய ஓஎன்டி பாக்ஸையே (ஃபைபர் வயர் வந்து சேர்ற மோடம்) வச்சுக்கலாமா?

ஃபைபர் லைன்மேன்:
போர்ட் வசதி மொபைல் நம்பருக்கு மட்டும்தாங்க. பிராட்பேண்டுல கிடையாது. ரெண்டு லைனும் ஒரு வாரம், பத்து நாள் சேர்ந்து ஓடட்டும். அந்தக் கூடுதல் காசை மிச்சம் பிடிக்கப் போனாதான் நெட் நிக்கும்.

பழைய ஓஎன்டி ஆகாது. அதோட சீரியல் நம்பர் அந்தக் கம்பெனியோட ஓஎல்டியில (அவங்க பக்கத்துல இருக்கிற மெயின் கருவி) பதிஞ்சிருக்கும். பெரும்பாலும் பாக்ஸும் அவங்களுதுதான், திருப்பிக் கேட்பாங்க.

புது லைன் போட ஆள் வந்ததும், பழைய கேபிளைத் தொட வேண்டாம்னு முதல்லயே சொல்லிடுங்க. சுவர் ஓட்டை சின்னதா இருந்தா பழைய வயர்ல புதுசைக் கட்டி இழுத்துடுவாங்க. பழசு அங்கேயே போச்சு. தனி ஓட்டை போடச் சொல்லுங்க.

அவங்க கிளம்பறதுக்கு முன்னாடி பவர் மீட்டர்ல (ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை அளக்கிற கருவி) 1490 நானோமீட்டர்ல அளவு காட்டச் சொல்லுங்க. மைனஸுக்குப் பின்னால எண் ஏற ஏற வெளிச்சம் குறைவுன்னு அர்த்தம். மைனஸ் 15ல இருந்து மைனஸ் 24 டிபிஎம் வரைக்கும் இருந்தா நல்ல லைன். மைனஸ் 27ஐ நெருங்கினா எங்கயோ கேபிள் மடங்கியிருக்கு, இல்ல கனெக்டர்ல அழுக்கு. கனெக்டர் நிறத்தையும் பாருங்க. பச்சையோட முனை 8 டிகிரி சாய்வா தேய்ச்சது, நீலம் நேர் முனை. ஒண்ணுல ஒண்ணு செருகினா உள்ள போயிடும், ஆனா நடுவுல இடைவெளி விழுந்து வெளிச்சம் குறையும். பச்சைக்குப் பச்சைதான்.

ரூட்டர் தெரிஞ்சவர்:
சோதிக்கிற நாள்ல புது வைஃபைக்கு வேற பேர் வைங்க. ஒரே பேர்ல ரெண்டும் ஓடினா போன் எதுல ஒட்டியிருக்குன்னே தெரியாது. மாறுற அன்னைக்குப் பழைய வைஃபையை அணைச்சுட்டு, அதே பேர், அதே பாஸ்வேர்டைப் புதுசுல போடுங்க. டிவி, போன் எல்லாம் தானா சேர்ந்துக்கும். ரெண்டு ரூட்டரையும் லேன் கேபிள்ல மட்டும் இணைச்சுடாதீங்க. ரெண்டும் ஐபி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள நெட் முகவரி) குடுக்க ஆரம்பிச்சா வீடு முழுக்கக் குழப்பம்.

டிவிஆர்தான் சிக்கல். அதுக்கு 192.168.1.64 மாதிரி நிலையான ஐபி போட்டிருந்து, புது ரூட்டர் 192.168.0ல ஓடினா தொடர்பே கிடைக்காது. ரூட்டரோட லேன் முகவரியைப் பழையபடி மாத்திடுங்க. அடுத்து ரூட்டர் செட்டிங்ஸ் பக்கத்துல வேன் ஐபியை (கம்பெனி நம்ம ரூட்டருக்குக் குடுக்கிற முகவரி) பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா அது பல வீட்டுக்குப் பொதுவான ஐபி, போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. ஸ்டேட்டிக் ஐபி (நமக்குன்னு ஒதுக்கின மாறாத ஐபி) வாங்கணும், இல்லன்னா டிவிஆர் கம்பெனியோட ஆப்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும். லைன் போடுறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுடுங்க.

நாகலூர் வாசி, ஏற்காடு:
மலையில இருக்கிறவங்களுக்கும் சேர்த்து ஒண்ணு சொல்றேங்க. இங்க ரெண்டு கம்பெனி கேபிளும் ஒரே கம்பத்துல தொங்கும். சில்வர் ஓக் கிளை விழுந்தா ரெண்டும் ஒண்ணாப் போகும், அதனால மொபைல் டேட்டா கையில இருக்கட்டும். கம்பத்துல இருந்து வீட்டுக்கு வர்ற டிராப் கேபிளோட எஃகுக் கம்பியை வீட்டுக்கு வெளியவே வெட்டிவிடச் சொல்லுங்க. கண்ணாடி இழைல மின்சாரம் பாயாது, அந்தக் கம்பில இடி இறங்கும். கரண்ட் போனாலும் ரூட்டர் ஓட மினி யூபிஎஸ் வாங்கறப்ப, ரூட்டர் அடாப்டர்ல இருக்கிற வோல்ட்டும் யூபிஎஸ்ஸும் ஒண்ணா இருக்கணும், ஆம்பியர் குறையக் கூடாது.

அழகாபுரம் வாசி:
ரொம்ப நன்றிங்க. லேண்ட்லைன் நம்பர்?

ஃபைபர் லைன்மேன்:
அது போயிடும்ங்க. பேங்க், கேஸ்னு அந்த நம்பர் குடுத்த இடத்துல எல்லாம் முதல்ல மாத்திடுங்க. அப்புறம்தான் பழைய லைனை சரண்டர் பண்ணணும். போன்ல மட்டும் சொல்லாம மெயில்லயும் எழுதி, புகார் எண் வாங்குங்க. ஓஎன்டியைக் குடுக்கிறப்ப சீரியல் நம்பர் போட்ட ரசீது இல்லாம கையை விட்டு விடாதீங்க, டெபாசிட் திரும்ப வர அதுதான் ஆதாரம். சரண்டர் உறுதியான அன்னைக்கே ஆட்டோபேயையும் நிறுத்திடுங்க. காசு தராம இழுத்தடிச்சா 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதியலாம்.