தொகுதிப் பங்கீட்டுக்கு யாரை எண்ணுவது: குடியிருப்போரையா, குடிமக்களையா?

வைகறை:
மக்கள்தொகையைப் பார்த்துத்தான் மாநிலத்துக்கு இத்தனை எம்.பி. என்று பிரிக்கிறார்கள். ஓட்டுரிமை இல்லாத வெளிநாட்டவர், சிறுவர், கைதிகள் எல்லாரும் அந்தக் கணக்கில் சேர்த்தியா? குடிமக்களை மட்டும் எண்ணினால் என்ன கெட்டுவிடும்?

புள்ளிக்கணக்கு:
நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் அரசியலமைப்பின் 1868ஆம் ஆண்டுத் திருத்தம் (14ஆவது) ஆட்கள் அத்தனை பேரையும் எண்ணச் சொல்கிறது. சுவிட்சர்லாந்தும் நாடாளுமன்றக் கீழவையின் 200 இடங்களை வெளிநாட்டவர் உட்பட நிரந்தரமாகக் குடியிருப்போர் கணக்கில்தான் பிரிக்கிறது. ஜெர்மனியும் ஜப்பானும் தொகுதிகளைப் பிரிக்கையில் வெளிநாட்டவரைக் கழித்துவிடுகின்றன. பிரிட்டனுக்கு வாக்காளர் பட்டியலே போதும்: 2023 மறுவரையறையில் தொகுதிக்கு 73,393 பேர், 5 சதவீதம் கூடலாம் குறையலாம், சில தீவுகளுக்கு மட்டும் விலக்கு.

இந்தியாவில் அரசியலமைப்பின் 81ஆவது பிரிவு 'மக்கள்தொகை' என்கிறது, அவ்வளவுதான். குழந்தை, வெளிநாட்டவர் என்று கழிவு இல்லை. ஆனால் மாநிலங்களுக்கான பங்கு 1976இல் 1971 கணக்கோடு உறைந்தது. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை அதை நீட்டித்தது 2001இன் 84ஆவது திருத்தம்.

எல்லைக்கோடு:
"குடிமக்கள் மட்டும்" என்பதில் கொள்கையைவிட நடைமுறைதான் பெரிய சிக்கல். ஜெர்மனியில் உள்ளாட்சிதோறும் குடியிருப்போர் பதிவேடு உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒன்று இல்லை, கணக்கெடுப்புப் படிவத்தில் 'நீங்கள் குடிமகனா' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டால், வீட்டில் ஒருவருக்கு ஆவணம் இல்லாவிட்டாலும் மொத்தக் குடும்பமும் பதில் சொல்லத் தயங்கும்; அங்கேயே பிறந்து குடியுரிமை பெற்ற குழந்தையும் சேர்ந்தே விடுபடும். 2020 படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்க அரசு சொன்ன காரணம் நம்பும்படி இல்லை என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. கேள்வி இல்லாமலே கணக்கெடுப்பு நடந்தது.

சின்னப் பிழைதானே என்று விடவும் முடியாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் மொத்தம் 435 இடங்கள். 50 மாநிலங்களுக்கும் முதலில் தலா ஒன்று. மீதி 385ஐப் பிரிக்க, மாநில மக்கள்தொகையை √(n(n+1)) ஆல் வகுக்கிறார்கள். இதில் n என்பது அந்த மாநிலத்துக்கு அதுவரை கிடைத்த இடங்கள். பெரிய விடை வரும் மாநிலத்துக்கு அடுத்த இடம். 2020 கணக்கில் இன்னும் 89 பேர் இருந்திருந்தால் நியூயார்க் ஓர் இடத்தை இழந்திருக்காது.

வைகறை:
கைதிகள்? வெளியூரில் வேலை செய்பவர்கள்?

புள்ளிக்கணக்கு:
அமெரிக்கக் கணக்கெடுப்பில் கைதி சிறை இருக்கும் ஊர்க்காரர். பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு ஓட்டு கிடையாது, ஆனால் அந்தச் சிற்றூர்த் தொகுதியின் தலைக்கணக்கு மட்டும் கூடும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. நியூயார்க், கலிபோர்னியா போன்றவை எல்லை வரையும்போது கைதிகளைச் சொந்த முகவரிக்கு மாற்றிக்கொள்கின்றன.

இந்தியாவில் 2011இல் பிப்ரவரி 9 முதல் 28வரை கணக்கெடுப்பு. அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தவர் அங்கேதான் எண்ணப்பட வேண்டும். வீடற்றவர்களை 28ஆம் தேதி இரவு எண்ணினார்கள். மார்ச் 1 முதல் 5வரை திரும்பப் போய், இடையில் நடந்த பிறப்பு, இறப்பைச் சரிசெய்தார்கள். பிழை எங்கே வருமென்றால், வெளியூரில் இருக்கும் மகனையும் பெற்றோர் பாசத்தில் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அவர் இரண்டு மாநிலக் கணக்கிலும் ஏறிவிடுவார். கணக்கெடுப்பவர் "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்" என்று கேட்காமல், "இந்த நாட்களில் இங்கே தங்கியவர்கள் யார் யார்" என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.