சிலிகாவா, பழவேற்காடா: மீன் இனங்களை எப்படி ஒப்பிடுவது?

சயான்வாசி
ஞாயிறன்று மும்பை மாட்டுங்காவில் பாதியில் நின்ற பேச்சை இங்கே தொடர்கிறேன். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டு ஏரியைவிட ஒடிசாவின் சிலிகா ஏரியில் மீன் இனங்கள் அதிகம். காரணம் பரப்பு. சிலிகா கோடையில் 906, மழைக்காலத்தில் 1,165 சதுர கிலோமீட்டர். பழவேற்காடு அதைவிட மிகச் சிறியது. இடம் பெருகினால் இனமும் பெருகும். வேறு காரணம் ஏன் தேட வேண்டும்?

பழவேற்காட்டுப் பேத்தி, தாராவி
தேடத்தான் வேண்டும் அண்ணா. 2000 செப்டம்பரில் சிலிகாவுக்குக் கடலை நோக்கிப் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் 1,800 டன்னைக்கூட எட்டாத மீன்பிடிப்பு, 2001-02இல் 11,000 டன்னைத் தாண்டியது. ஏரி அதே ஏரிதான். மடவையும் வெள்ளை இறாலும் கடலில் முட்டையிடுபவை; குஞ்சுகள்தான் உள்ளே வந்து வளர்கின்றன. வாசல் தூர்ந்துபோன வீடு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்? எங்கள் ஊரிலும் முகத்துவாரம் மண்மூடும்போது இதே துன்பம்தான். கோடையில் வடபகுதி வற்றி, தண்ணீர் கடலைவிடக் கரிக்கும்.

சயான்வாசி
டன் கணக்கு வேறு, இனக் கணக்கு வேறு. ஒரே மீன் பத்து மடங்கு பிடிபட்டாலும் அது ஓர் இனம்தான். என் கேள்விக்கு இது விடை ஆகாது.

வெர்சோவா மாணவன்
அண்ணன் சொல்வது சரி; டன்னை வைத்து இனத்தை நிறுவ முடியாது. ஆனால் பரப்பு மட்டும் போதாது. சிலிகாவின் வடக்கே மகாநதியின் கிளைகளான தயாவும் பார்கவியும் நன்னீர் கொட்டுகின்றன. முகத்துவாரத்தருகே கடல் உப்பு. அதனால் ஆற்று மீனுக்கும் கடல் மீனுக்கும் ஒரே ஏரியில் இடம் கிடைக்கிறது.

என்னை அதிகம் உறுத்துவது மாதம். ஆகஸ்டில் இரண்டு ஏரிகளிலும் வலை வீசுகிறோம் என்று வையுங்கள். சிலிகாவில் தென்மேற்குப் பருவமழையின் வெள்ளம். பழவேற்காடோ ஐப்பசி மழைக்குக் காத்துக் கிடக்கும். ஒரே தேதியில் எடுத்தாலும் அவை இரு வேறு பருவங்களின் மீன்கள். உப்பின் அளவு ஒத்திருக்கும் நாட்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட வேண்டும்.

பழவேற்காட்டுப் பேத்தி, தாராவி
வலையையும் சேர்த்துக்கொள் தம்பி. எங்கள் ஊரில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் பாடு என்னும் சுழற்சி முறையில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மீன் வரும் நல்ல இடங்களுக்குத்தான் பாடு. அங்கே கரையேறும் மீனை மட்டும் எண்ணினால், வலைக்கண்ணில் நழுவும் உளுவைக் குஞ்சுகள் பட்டியலில் ஏறவே ஏறாது. தாத்தா மடவை என்று ஒரே கூடையில் போட்டதிலும் பல இனங்கள் இருந்தன. விலை போகாதவற்றை எண்ணாமல் இனக் கணக்குப் பேசுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சயான்வாசி
பரப்புக்குப் பங்கே இல்லை என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன். ஆனால் வலைக்கண்ணும் உப்பும் ஒத்திருக்கும் பட்டியல் ஒன்றைக் காட்டினால், அதை வைத்தே மீண்டும் பேசலாம்.

பழவேற்காட்டுப் பேத்தி, தாராவி
பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். மாமாவின் வலைக்கண்ணை அளந்து வந்து எழுதுகிறேன்.