பேனல் வேலை முடியும் முன் மேல் தகட்டை ரிவெட் அடிக்கலாமா? (ஆர்வி-9ஏ, ஸ்லைடர்)

குளிர்ஹேங்கர் எழுதியது:

வணக்கம். விஸ்கான்சின் பக்கம் ஒரு சின்ன ஏர்போர்ட்ல ஹேங்கர் வாடகைக்கு எடுத்து ஆர்வி-9ஏ-ங்கிற சின்ன விமானம் கட்டிட்டு இருக்கேன். வேன்ஸ் கம்பெனி கிட், மூக்குச் சக்கரம், கேனபி (காக்பிட் மேல வர்ற கண்ணாடி மூடி) பின்னாடி நழுவுற ஸ்லைடர் வகை. வாலும் இறக்கையும் முடிஞ்சு சுவரோரம் ஸ்டாண்டுல நிக்குது. இப்போ இன்ஸ்ட்ருமென்ட் பேனல்.

தகடு வெட்டியாச்சு. இடது பக்கம் பத்து இன்ச் ஸ்கிரீன். கரண்ட் போனாலும் கை கொடுக்கணும்னு பக்கத்துலயே முள் வச்ச வேகமானி ஒண்ணு, உயரம் காட்டுற ஆல்டிமீட்டர் ஒண்ணு. நடுவுல ரேடியோ, டிரான்ஸ்பாண்டர். வலது கீழ் ஓரம் சர்க்யூட் பிரேக்கர் வரிசை. வெளிக் காத்தழுத்தத்தை மீட்டருக்குக் கொண்டு வர்ற ஸ்டாட்டிக் ட்யூப் உடம்போட ரெண்டு பக்க துவாரத்துல இருந்தும் கிளம்பி, நடுவுல டீ (மூணு வழி இணைப்பு) போட்டு, முன்னாடி வந்தாச்சு. வயரிங் பாதிகூட ஆகலை.

விஷயம் இதுதான். பக்கத்து ஹேங்கர்காரர் இந்த வாரக் கடைசியில பக்கிங் பார் (ரிவெட் அடிக்கும்போது பின்பக்கம் முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டி) பிடிக்க வர்றேன்னு சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் அவர் ஃப்ளோரிடா கிளம்பிட்டா, பனி உருகினாத்தான் திரும்புவார். அதனால பேனலுக்கு முன்னாடி, விண்ட்ஷீல்டுக்குக் கீழ வர்ற மேல் தகட்டை இப்பவே ரிவெட் அடிச்சு முடிச்சுடலாமான்னு பார்க்கறேன். டிப்-அப் கேனபிக்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, கேனபியைத் தூக்கினா பேனலோட முதுகு தெரியும். எனக்கு அப்படி இல்லை. அடிச்சிட்டா அப்புறம் எல்லாமே கீழ மல்லாந்து படுத்து, ரடர் பெடலுக்கு நடுவுல தலையை விட்டுத்தான்.

கூடவே ரெண்டு சந்தேகம். ஸ்கிரீனுக்குத் திசை சொல்ற மேக்னட்டோமீட்டரை பேக்கேஜ் சுவருக்குப் பின்னாடி வைக்கலாம்னு இருக்கேன், சரியா? இஜிடி (புகைச் சூடு), சிஹெச்டி (சிலிண்டர் தலைச் சூடு) சென்சார் வயர் கொஞ்சம் நீளம் பத்தலை. சாதா 22 கேஜ் வயர் சேர்த்து இழுக்கலாமா?

---

கிரிம்ப்கவிதா எழுதியது:

டெக்சஸ்ல ஏவியானிக்ஸ் கடையில வேலை பார்க்கறேன். அந்த ரடர் பெடல் நடுவுல தலையை விடறதுதான் எங்க பிழைப்பே. கடைக்கு வர்ற ஸ்லைடர்ல ஒரு கனெக்டரைக் கழட்டி மாட்ட ஆகற நேரத்துல பாதி, உள்ள போய் வெளிய வர்றதுக்கே போகும். ரிவெட் அடிக்காதீங்க. கிளிக்கோ (ரிவெட் ஓட்டையில தற்காலிகமா மாட்டுற கிளிப்) போட்டு வைங்க, அது பாட்டுக்கு நிக்கட்டும். ஆள் வேற கிடைப்பாங்க. உங்க ஊர்ப் பக்கம் இஏஏ (வீட்டுல விமானம் கட்டறவங்க சங்கம்) சாப்டர் இல்லாம இருக்காது, அவங்க பெரிய விழா நடக்கிற ஆஷ்காஷ் இருக்கிற மாநிலம் ஆச்சே.

சென்சார் வயருக்குச் செப்பு சேர்க்காதீங்க. இஜிடி கே வகை, சிஹெச்டி பெரும்பாலும் ஜே வகை தெர்மோகப்பிள், அதாவது ரெண்டு வேற உலோகம் சேர்ந்து சூட்டை அளக்கிற சென்சார். அந்த உலோக ஜோடியே பெட்டி வரைக்கும் போகணும். நடுவுல செப்பு வந்தா, அந்த ஜாயின்ட் இருக்கிற இடத்துச் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிக்கும். ஃபயர்வால் (இன்ஜினையும் காக்பிட்டையும் பிரிக்கிற சுவர்) பக்கத்துல ஜாயின்ட் வச்சா என்ன காட்டும்னு நீங்களே யோசிங்க. அதே வகை எக்ஸ்டென்ஷன் வயர் தனியா விக்குது. கே-க்கு மஞ்சள்-சிவப்பு, ஜே-க்கு வெள்ளை-சிவப்பு. இதுல ஒரு பொறி இருக்கு: அமெரிக்க தெர்மோகப்பிள் வழக்கத்துல சிவப்புதான் நெகட்டிவ். பேட்டரி பழக்கத்துல சிவப்பைப் பிளஸ்ல மாட்டினா இன்ஜின் சூடாக ஆக முள் கீழ இறங்கும். சென்சார் போச்சுன்னு சொல்லிக்கிட்டு கடைக்கு வருவாங்க.

இன்னொண்ணு, ஹெட்செட் ஜாக் ரெண்டையும் உடம்புத் தகட்டைத் தொடாம ஃபைபர் வாஷர் போட்டு மாட்டுங்க. அதோட எர்த் ஆடியோ பெட்டிக்குத் தனி வயர்ல போகட்டும். இல்லாட்டி ஆல்டர்னேட்டர் பாடறதைக் காதுல கேட்டுக்கிட்டேதான் பறக்கணும்.

---

பழையஃபிட்டர் எழுதியது:

தம்பி, நான் ஏர்ஃபோர்ஸ்ல இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். கிரண், ஆவ்ரோ ரெண்டு விமானத்துலயும் கை வச்சிருக்கேன். இப்ப கோயமுத்தூர்ல பேரனுக்குப் பட்டம் கட்டிக் கொடுத்துட்டு இருக்கேன். ஸ்கிரீன் காலத்து ஆள் இல்லை நான். ஆனா உன் ஸ்கிரீனுக்கும் காத்து அந்த ட்யூப் வழியாத்தான் வருது, அதனால பேசறேன்.

கவிதா சொன்னதுதான் சரி, ரிவெட் வேண்டாம். ஆனா நீ ஒண்ணை யோசிச்சியான்னு தெரியலை. கரண்ட் போனா கை கொடுக்கும்னு முள் மீட்டர் ரெண்டு வச்சிருக்கே, நல்லது. அந்த ரெண்டும் ஸ்கிரீனும் ஒரே ஸ்டாட்டிக் ட்யூப்லதானே மூச்சு விடுது? ட்யூப்ல தண்ணி நின்னா, டீ கழண்டா, மூணும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். மூணும் ஒத்துப்போகுதுன்னு நீ நம்பிடுவே. உன் ஸ்டாண்ட்பை கரண்டுக்குத்தான் ஸ்டாண்ட்பை, காத்துக்கு இல்லை. பேனலுக்குக் கீழ கை எட்டுற இடத்துல ஸ்டாட்டிக் லைன்ல ஒரு சின்ன வால்வு போடு. திறந்தா காக்பிட் காத்தை எடுத்துக்கட்டும். ஆல்டிமீட்டர் கொஞ்சம் கூடத்தான் காட்டும். எவ்வளவு கூடுதுன்னு நல்ல வெயில் நாள்ல பறந்து பார்த்து ஒரு சீட்டுல எழுதி ஒட்டிக்கோ.

துவாரத்துல கிட்டோட வந்த பாப் ரிவெட் தலையைத்தானே வச்சிருக்கே? அழகா இருக்குன்னு தகட்டோட மட்டமா இருக்கிறதை மாத்திடாதே. அந்தத் தலை கொஞ்சம் துருத்திக்கிட்டு இருக்கிறதுக்கு ஏத்த மாதிரிதான் அங்க அழுத்தம் சரியா விழுது. மட்டமாக்கினா வேகமும் உயரமும் தப்பாக் காட்டும்.

இப்ப டெஸ்ட். தகடு திறந்திருக்கும்போதே செஞ்சிடு. பெரிய மெஷின் ஒண்ணும் வேண்டாம். ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் ட்யூபை யூ மாதிரி வளைச்சு ஒரு பலகையில கட்டு. பாதி வரைக்கும் தண்ணி ஊத்து, கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போடு. ஒரு முனையில் டீ வச்சு பிடோ லைனுக்கும் (வேகமானிக்கு எதிர்க்காத்து அழுத்தம் கொண்டு வர்ற ட்யூப்) ஒரு ஊசி சிரிஞ்சுக்கும் கொடு. சிரிஞ்சை மெதுவா அழுத்து. ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் நடுவுல 16.5 செ.மீ. வித்தியாசம் வந்தா வேகமானி 100 நாட் காட்டணும். 6 செ.மீ. வந்தா 60 நாட். ஒரு பக்கம் ஏறினதை மட்டும் அளந்துடாதே, மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் உள்ள மொத்த வித்தியாசம். அப்படியே பிடிச்சு நிறுத்து. முள் நின்ன இடத்துல நிக்கணும். இறங்கிச்சுன்னா லீக். எந்தக் காரணத்துக்காகவும் வாய் வச்சு ஊதாதே. உன் நுரையீரல் கொடுக்கிற அழுத்தம் அந்த டயாஃப்ரத்துக்கு ரொம்ப அதிகம்.

ஸ்டாட்டிக்குக்கு ஒரு பக்கத் துவாரத்தை டேப் போட்டு அடைச்சு, இன்னொண்ணு வழியா சிரிஞ்சால இழுக்கணும். அதுக்கு முன்னாடி பிடோவையும் ஸ்டாட்டிக்கையும் ஒரே டீயில சேர்த்துடு. சேர்க்காம இழுத்தா ஆல்டிமீட்டர் 1000 அடி ஏறுற நேரத்துக்கு வேகமானி 150 நாட் பக்கம் போயிடும். இன்னும் கொஞ்சம் கூட இழுத்தா முள் கடைசிக் கோட்டைத் தாண்டிடும். சேர்த்துட்டா வேகமானிக்கு ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம், அது பாட்டுக்குப் படுத்துக்கிடக்கும். 1000 அடி ஏத்தி நிறுத்து, ஒரு நிமிஷம் பார். 100 அடிக்கு மேல இறங்கக்கூடாது. உங்க ஊர் விமானத் துறை எஃப்ஏஏ, 91.411 விதிக்கு வச்சிருக்கிற அளவும் அதேதான். முடிஞ்சதும் டேப்பைப் படக்குன்னு பிச்சு எடுக்காதே, மெதுவா விடு.

ஹேங்கர் குளிர்னு பேரே சொல்லுது. ஹீட்டர் வச்சிருப்பே. டெஸ்ட் பண்ற நேரத்துக்கு அதை அணைச்சிடு. அடைபட்ட காத்து ஒரு டிகிரி சூடானாலே ஆல்டிமீட்டர் கிட்டத்தட்ட 100 அடி நகரும். லீக்கே இல்லாத ட்யூபை நீ பிரிச்சுப் பிரிச்சு மாட்டிட்டு இருப்பே.

மேக்னட்டோமீட்டருக்கு நீ சொன்ன இடம் பரவாயில்லை. ஆனா பிராக்கெட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சாதா கைக் காம்பஸை அந்த இடத்துல வச்சுப் பார். ஸ்டிக்கை நாலு பக்கமும் ஆட்டு, ரடரை மிதி, ஸ்ட்ரோப், லேண்டிங் லைட், ஃப்ளாப் மோட்டார் ஒண்ணொண்ணா போடு. முள் அசைஞ்சா அந்த இடம் ஆகாது. பிராக்கெட் அலுமினியம், ஸ்க்ரூ பித்தளை. காம்பஸ் வேற வைக்கிறதா இருந்தா ஸ்லைடரோட முன் வளைவுல மாட்டாதே, அது வெல்டிங் பண்ண எஃகு, காந்தம் ஏறியிருக்கும்.

வயரைக் கட்டறதுக்கு ஜிப் டை போடறியா, மெழுகு நூலா? நான் நூல் கட்சி. வெட்டின ஜிப் டை நுனி பிளேடு மாதிரி, இருட்டுல கையை விட்டா கிழிச்சிடும்.

---

தாழையூத்து எழுதியது:

படிச்சிட்டே இருக்கேன், பொறாமையா இருக்கு. ஒரு சந்தேகம், மொத்த பேனலையும் கடையில செஞ்சு வாங்கி மாட்டிக்கலாமே? அப்புறம் நம்ம ஊர்ல இந்த மாதிரி வீட்டுல கட்டிப் பறக்க வழி இருக்கா?

---

கிரிம்ப்கவிதா எழுதியது:

தாழையூத்து, ரெடி பேனல் கிடைக்கும், நாங்களே செய்யறோம். பாதிக்கு மேல வேலையைக் கட்டறவரே செஞ்சாத்தான் அமெச்சூர்-பில்ட் (சொந்தமாக் கட்டினது) சான்றிதழ், அதுக்குப் பேனல் தடை இல்லை. ஆனா பின்னாடி ஏதாவது அணைஞ்சா எந்த வயர் எங்க போகுதுன்னு கட்டினவருக்குத்தான் தெரியும். நேரம் இருக்கிறவங்க தாங்களே செய்யறது நல்லதுன்னு கடைக்காரியா இருந்தும் சொல்லுவேன். இந்தியாவுல மும்பை அமோல் யாதவ் மொட்டை மாடியில ஆறு சீட் விமானம் கட்டினாரே, 2016-ல மேக் இன் இந்தியா விழாவுல வச்சாங்க. அதைப் பதிவு பண்ண அவர் பட்ட பாட்டைத் தேடிப் படிங்க, பதில் கிடைச்சிடும்.

பழையஃபிட்டர் ஐயா, ஜிப் டை நுனியைச் சமமா நறுக்குற கட்டர் இருக்கு. ஆனா கை கிழியறது உண்மைதான் :)

---

குளிர்ஹேங்கர் எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. ரிவெட் அடிக்கலை. பக்கத்து ஹேங்கர்காரரை வேற வேலைக்குப் பிடிச்சுக்கிட்டேன், பிடோ ட்யூபைத் தூக்கிப் பிடிச்சார்.

ஐயா, கேசரிப் பவுடர் வீட்டுல இருந்தது. 16.5 செ.மீ.க்கு முள் வேகமானி 101 காட்டிச்சு, ஸ்கிரீன் 100. பிடோ லீக் இல்லை. ஸ்டாட்டிக்தான் இறங்கிட்டே இருந்தது, நிமிஷத்துக்கு 300 அடிக்கு மேல. ஹீட்டரை அணைச்சு, காபி குடிச்சிட்டு வந்து பார்த்தேன். பாதியாக் குறைஞ்சது. மீதி நிஜ லீக். பின்னாடி டீ பக்கத்துல ட்யூபை உருவிப் பார்த்தா, வெட்டின முனை சாய்வா இருந்தது. அழுத்திச் செருகுற ஃபிட்டிங் இல்லையா, உள்ள இருக்கிற ஓ-ரிங்ல ஒரு ஓரம் மட்டும்தான் உக்காந்திருக்கு. இந்தக் குளிருக்கு ட்யூப் குச்சி மாதிரி விறைச்சிருக்கு, தானா வளைஞ்சும் கொடுக்காது. புது பிளேடால நேரா வெட்டி, வெந்நீர்ல முக்கிச் செருகினேன். இப்போ ஒரு நிமிஷத்துல முள் அசையறதே தெரியலை.

காம்பஸ் டெஸ்ட்ல ஒரு வேடிக்கை. ஸ்டிக், ரடர் எதுக்கும் முள் அசையலை. வால் லைட் போட்டதும் நல்லாவே திரும்பிச்சு. பார்த்தா லைட்டோட எர்த்தை அங்கேயே தகட்டுல கொடுத்திருக்கேன். பிளஸ் வயர் மட்டும் தனியா மேக்னட்டோமீட்டர் இடத்தை ஒட்டிப் போகுது.

இனி வயரிங் முடிச்சு, எல்லாத்துக்கும் கரண்ட் கொடுத்துப் பார்த்துட்டுத்தான் தகடு. ஆனா பெட்டி எல்லாம் உள்ள இருந்தா பக்கிங் பார் எப்படி உள்ள போகும்? மேல் தகட்டுல ஜன்னல் மாதிரி வெட்டி மூடி போடறவங்களும் இருக்காங்களே, அது எப்படி?

---

பழையஃபிட்டர் எழுதியது:

ஜன்னல் வெட்டினா சுத்திலும் உள்பக்கம் பலத்துக்கு டபுளர்னு இன்னொரு தகடு கொடுக்கணும், அதுக்கு ரப்பர் பேக்கிங் வேற. அது காய்ஞ்சு மழைத் தண்ணி இறங்கினா நேரா உன் ஸ்கிரீனோட கனெக்டர் மேலதான் சொட்டும். ஹேங்கர்லயே நிறுத்துறவனுக்குச் சரி. வெளியில கட்டிப் போடற நாள் வரும்னா வேண்டாம்.

பேனல் தகட்டை நட்-பிளேட் (தகட்டோட பதிஞ்ச நட்), ஸ்க்ரூல மாட்டு, ரிவெட்டுல வேண்டாம். எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்ததுக்கு அப்புறம் ஸ்கிரீன், ரேடியோ, முள் மீட்டர் எல்லாத்தையும் முன்பக்கமா உருவி எடுத்துடு. வயர் கட்டு மட்டும் உள்ள தொங்கட்டும், அதை ரெண்டு பக்கமா ஒதுக்கிக் கட்டினா பக்கிங் பாருக்கு இடம் கிடைக்கும். திரும்ப மாட்டும்போது எந்தக் கனெக்டர் எதுக்குன்னு குழம்பாம இருக்க ரெண்டு முனையிலயும் லேபிள் ஒட்டிக்கோ. ரிவெட்டுக்கு முன்னாடி ஒவ்வொரு கனெக்டர் வாயையும், ட்யூப் முனையையும் டேப் போட்டு மூடு. ஓட்டை போட்ட அலுமினியத் தூள் பொல்லாதது, ரெண்டு பின்னுக்கு நடுவுல ஒண்ணு விழுந்தாப் போதும். மீட்டர் திரும்ப மாட்டினதும் ஸ்டாட்டிக் டெஸ்ட்டை மறுபடி செய், ஃபிட்டிங் கழட்டினாலே பழைய டெஸ்ட் செல்லாது.

வால் லைட்டுக்குத் தகட்டு எர்த்தை எடுத்துடு. பிளஸ்ஸும் எர்த்தும் ஜோடியா முறுக்கி, ஃபயர்வால்ல இருக்கிற ஒரே எர்த் போல்ட்டுக்குக் கொண்டு போ. போற கரண்டும் வர்ற கரண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடினா ஒண்ணோட காந்தத்தை இன்னொண்ணு தின்னுடும். செஞ்சிட்டு காம்பஸை வச்சுப் பார்த்துட்டு, முள் எத்தனை டிகிரி திரும்புதுன்னு இங்க எழுது.