கண்காட்சி முடிந்த மறுநாள் என்ன ஆச்சு? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். பிளாஸ்டிக் கழிவைப் பற்றிய ஒரு கண்காட்சியில் தன்னார்வலராக இருந்தேன். காலித் தண்ணீர் பாட்டில்களை வைத்து ஆளுயர அலை ஒன்றைக் கட்டுவதுதான் வேலை. பொறுக்கி வந்த பாட்டில்கள் நசுங்கி, மங்கிப்போயிருந்தன. விளக்கு போட்டுப் பார்த்தால் அலை பளபளக்கவே இல்லை. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டி பெட்டியாகப் புது பாட்டில்கள் வந்து இறங்கின. ராத்திரி உட்கார்ந்து லேபிளை உரித்து, தண்ணீரைக் கொட்டினோம். விரல் நுனியெல்லாம் பசை. அந்த அலைக்குத்தான் பரிசு. மறுநாள் குப்பை வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

*

நான் பார்த்தது கரைந்தே போய்விட்டது! 2018 டிசம்பர், லண்டனில் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியக வாசல். ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞர் 24 பனிக்கட்டிகளை வெட்டவெளியில் வைத்திருந்தார். கிரீன்லாந்துப் பனிப்படலத்திலிருந்து ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்தவை. காதை ஒட்டி வைத்தால் உள்ளே பொரிகிற மாதிரி சத்தம் கேட்கும். பனிக்குள் அடைபட்டிருந்த பழங்காலக் காற்று வெளியே வருகிற சத்தம் அது. ஒரு குழந்தை நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தது. அதட்ட வந்த அம்மா தானும் கையை வைத்துப் பார்த்தார். சில நாள் கழித்துப் போனேன், கட்டிகள் பாதிகூட இல்லை. இதற்காகப் பனியைக் கப்பலேற்றிக் கொண்டுவரணுமா என்று கேட்டவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு எவ்வளவு கார்பன் காற்றில் கலந்தது என்று கணக்கெடுத்து வெளியிட்டார்கள். உங்கள் பாட்டில் அலைக்கு அப்படி யாராவது கணக்குப் பார்த்தார்களா?

*

எங்கேயும் போகாமல் அங்கேயே நிற்பதும் உண்டு. ஜெர்மனியின் காசெல் நகரத்தில் ஜோசஃப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982-ல் தொடங்கிய '7000 ஓக் மரங்கள்' என்ற படைப்பு. மரத்துக்கு ஒன்றாக 7000 எரிமலைக் கற்களை முதலில் ஒரு திடலில் குவித்துவிட்டார். ஒரு மரம் நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல் நகரும். நடவு முடிந்தது 1987-ல், அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு. நட்டபோது கன்றைவிடக் கல்தான் பெரிதாகத் தெரிந்திருக்கும். நான் போனபோது கல் மரத்தின் காலடியில் சின்னதாக நின்றது. அதில் சாய்ந்து ஷூ லேஸ் கட்டினேன், அது கலைப்படைப்பு என்று தெரியாமலே.

*

நான் புகைப்படம் எடுப்பவன். கடல் அரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில் எடுத்த தொடர், ஒரு போட்டியின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. பாதிச் சுவர் போன வீட்டு வாசலில் ஒரு பாட்டி நிற்கும் படத்தை வினைல் ஷீட்டில் ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டினார்கள். அவரிடம் போனில் சொன்னேன். "என் வீடு அங்க எத்தனை நாள் இருக்கும் தம்பி?" என்றார். பத்து நாள் என்றேன். "இங்கயும் அவ்வளவுதான்" என்று சிரித்தார். பரிசு கிடைக்கவில்லை. கண்காட்சி முடிந்ததும் வினைலைச் சுருட்டிக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தேன். அடுத்த தடவை போனால், சுவர் இல்லாத பக்கம் அதைத்தான் கட்டியிருக்கிறார். படம் உள்பக்கம், வெள்ளைப் பக்கம் மழைக்கு. என் படங்களில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அப்புறம், போட்டிக்கு அனுப்புகிறவர்கள் விதிமுறையைக் கடைசி வரி வரை படியுங்கள். நான் படிக்கவில்லை. பாட்டியின் முகத்தை விளம்பரத்துக்கும் காசு தராமல் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. எல்லாப் பரிசும் இப்படி இல்லை. பிரீ பிக்டே (Prix Pictet) என்ற சர்வதேசப் புகைப்படப் பரிசுக்கு நாமாக விண்ணப்பிக்கவே முடியாது, பரிந்துரைத்தால்தான் உண்டு. 2023-ல் அதை வென்ற கௌரி கில், ராஜஸ்தான் பாலைவன மக்களை 1999-லிருந்து படமெடுத்தவர். நான் அந்தக் குடியிருப்பில் இருந்தது மொத்தம் ஆறு நாள்.

*

தொடங்கியவருக்கு ஒரு கேள்வி: அந்த பாட்டில் தண்ணீரை எல்லாம் எங்கே கொட்டினீர்கள்?

*

செடிக்கு ஊற்றச் சொன்னார்கள். அங்கே செடி எதுவும் இல்லை. வாஷ்பேசினில்தான்.