1666: சிட்டகாங் முகலாயர் கைக்கு வந்த விதம்

வங்காளம் 1576ஆம் ஆண்டிலேயே முகலாயர் வசமாகிவிட்டது. ஆனால் அதன் தென்கிழக்கு மூலையில், கர்ணபூலி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கும் சிட்டகாங் துறைமுகத்தைப் பிடிக்க அவர்களுக்கு மேலும் 90 ஆண்டுகள் ஆயின. அது அரக்கான் (இன்றைய மியான்மரின் ராக்கைன் பகுதி) அரசர்களின் பிடியில் இருந்தது. குதிரைப்படையை நம்பி வளர்ந்த பேரரசுக்கு ஃபெனி ஆற்றைத் தாண்டினால் அடர்ந்த காடும், கடலில் இறங்கினால் அரக்கானியரின் விரைவான போர்ப்படகுகளும் எதிர்ப்பட்டதால், இடையில் நடந்த படையெடுப்புகள் எல்லாம் பாதியிலேயே திரும்பின.

அந்தத் துறைமுகத்தை விட்டுவைத்ததற்கான விலையைக் கொடுத்தவர்கள் வங்காளத்து உழவர்கள். அரக்கானியரும், அவர்களோடு சேர்ந்திருந்த போர்ச்சுகீசியப் பரங்கியரும் ஆறுகள் வழியாக உள்நாட்டுக்குள் புகுந்து ஆண், பெண், குழந்தை என்று பாராமல் பிடித்துச் சென்றனர். பிடிபட்டவர்களின் உள்ளங்கையில் துளையிட்டு, அதில் மெல்லிய பிரம்பைக் கோத்து, படகின் மேல்தளத்துக்கு அடியில் ஒருவர்மேல் ஒருவராகத் தள்ளினார்கள் என்றும், காலையில் கோழிக்குத் தீனி இறைப்பதுபோல வேகாத அரிசியை மேலிருந்து வீசினார்கள் என்றும் அக்கால முகலாய எழுத்தரான சிகாபுதீன் தாலிஷ் குறித்திருக்கிறார். இந்த வரிகளை என்னால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடிந்ததில்லை.

1664இல் வங்காளத்தின் சுபேதாராக, அதாவது முகலாய ஆளுநராக, வந்த சாயிஸ்தகான் முதலில் செய்த வேலை, சீரழிந்து கிடந்த ஆற்றுக் கடற்படையைப் புதுப்பித்ததுதான். பேரரசர் ஔரங்கசீப்பின் அண்ணன் ஷா ஷுஜா அரக்கானில் அடைக்கலம் புகுந்து அங்கேயே கொல்லப்பட்டதும் இந்தப் படையெடுப்புக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது; அது பெரிய காரணம் என்று நான் நினைக்கவில்லை. 1665 நவம்பரில் சந்துவீப் தீவு பிடிபட்டது. அடுத்து நடந்ததே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பேன்: அரக்கானியரோடு பகைத்துக்கொண்ட பரங்கியர், சாயிஸ்தகான் நீட்டிய சலுகைகளை ஏற்று, மனைவி மக்களைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு நோவாகாளிப் பக்கம் வந்து சேர்ந்தனர். அரக்கானியர் என்ன சம்பளம் கொடுத்தார்கள் என்று கேட்டபோது, முகலாயரின் நாடே தங்கள் சம்பளம், வங்காளம் முழுவதையும் தங்கள் ஜாகீராகவே (சம்பளத்துக்குப் பதிலாக வருவாயை எடுத்துக்கொள்ளத் தரப்படும் நிலம்) கருதியிருந்தோம் என்று அவர்கள் கூசாமல் பதில் சொன்னார்களாம். அந்தக் கைகளையே துணையாகக் கொண்டு போர் தொடுக்க வேண்டியிருந்தது என்பதை மறைத்துவிட்டு இந்த வெற்றியைப் புகழ்வது சரியாகாது.

சாயிஸ்தகானின் மகன் புஜூர்க் உமேத்கான் 1665 டிசம்பர் இறுதியில் டாக்காவிலிருந்து புறப்பட்டார். தரைப்படை கோடரியால் காட்டை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டே நகர, ஏறத்தாழ 288 படகுகள் கொண்ட கடற்படை கரையை ஒட்டியே சென்றது. இரண்டும் ஒன்றையொன்று பிரியாமல் போனதே முந்தைய படையெடுப்புகளிலிருந்து இதனை வேறுபடுத்தியது. 1666 ஜனவரி 23, 24 தேதிகளில் கடலிலும் கர்ணபூலியிலும் நடந்த சண்டையில் அரக்கானியரின் படகுகள் முறியடிக்கப்பட்டன. அந்த மாதம் முடிவதற்குள் கோட்டை சரணடைந்தது.

ஊருக்கு இஸ்லாமாபாத் என்று பெயரிட்டார்கள். கோட்டை இருந்த இடத்தில் 1667இல் எழுந்த அந்தர்கில்லா மசூதி இன்றும் இருக்கிறது. தெற்கே ராமு வரை சென்ற படை, மழைக்காலத்தில் அங்கே தங்க வழியில்லாததால் திரும்பிவிட்டது. சிட்டகாங்கைச் சுற்றி அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த வங்காள உழவர்கள் விடுவிக்கப்பட்டுத் தங்கள் ஊர்களுக்குத் திரும்பினர்.